மூன்றாவது சக்கரத்தில் ஒரே ஒரு ஏழு

பெங்களூரு பெல்லந்தூரில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு கேசினோக்களுக்கு ஸ்லாட் கேம் செய்கிறோம்; சக்கரங்கள் சுழன்று ஒரே சின்னம் வரிசையாக நின்றால் பணம் தரும் ஆட்டம். மின்னும் நாணயம், ஓசை எல்லாம் வேறு டீம். என்னுடையது கணக்கு மட்டும்.

சேர்ந்த முதல் மாதம், ஆடுபவர்கள் போடும் பணத்தில் 96 சதவீதம் அவர்களுக்கே திரும்பும் என்று என் எக்ஸெல் காட்டியது. பத்து கோடி முறை சுற்றவிட்ட சிமுலேஷனில் 101 வந்தது. வைல்டு சின்னம் ஏழுக்குப் பதிலாகவும் நிற்கும் என்பதை ஒரு வரியில் விட்டுவிட்டேன். கோயம்புத்தூர்க்காரரான என் லீட் எட்டிப் பார்த்து, "ஏனுங்க தம்பி, தர்ம சத்திரம் கட்டறீங்களா?" என்றார்.

96 என்றால் நூறு ரூபாயோடு போனவர் 96 ரூபாயோடு திரும்புவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நாலு சதவீதம் கழியும். பத்து ரூபாய் வீதம் மணிக்கு 600 சுற்று ஆடினால், ஓடுவது 6,000. சராசரியாகப் போவது 240. ரூலெட்டிலும் இதே கதைதான்: ஐரோப்பியச் சக்கரத்தில் பூஜ்யம் முதல் 36 வரை 37 எண், ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தால் கைக்கு வருவது 36 மடங்கு. அந்த ஒற்றைப் பூஜ்யம்தான் முதலாளியின் வருமானம்.

போன தீபாவளிக்குத் திருச்சியிலிருந்து அப்பா வந்திருந்தார். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும்வரை வாராவாரம் சீட்டு வாங்கியவர். "ஒரு நம்பர்ல போச்சுடா" என்று அவர் சொல்லாத வாரம் குறைவு.

அவரிடம் ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் 20 இடம், மொத்தம் 8,000 சேர்க்கை. முதல் இரண்டிலும் நாலு நாலு ஏழு. மூன்றாவதில் ஒன்றே ஒன்று. மூன்று ஏழும் விழுவது 16 சேர்க்கையில். முதல் இரண்டில் ஏழு விழுந்து மூன்றாவதில் கைநழுவுவது 304-ல். ஒருமுறை ஜெயிக்க, 19 முறை 'அடடா!' சக்கரங்கள் நேர்மையாகத்தான் நிற்கின்றன. ஏழுகளை எங்கே எத்தனை வைப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

அப்பா மூன்றாவது சக்கரத்தின் மேல் விரலை வைத்தார். "இங்க ரெண்டு வச்சா என்னவாம்?"

"அந்த 19 ஒன்பதாயிடும்ப்பா. ஆனா ஜாக்பாட்டுக்கு நூறு மடங்கு தர்றோம். அதுக்கே இப்ப 20 சதவீதம் போகுது, அது 40 ஆயிடும்."

"வேற எங்கேயாவது புடுங்கிக்குவீங்கல்ல?"

நான் அதற்குள் செர்ரிப் பழச் சின்னத்தின் வரிசையில் எதைக் குறைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.