முருங்கைக்கீரையும் மடங்குக் கணக்கும்

சென்ற ஆண்டு ஆடி மாதம் என் தங்கைக்கு இரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் அளவு 8.9 என்று வந்தது. கருவுறாத பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமாக இருப்பதாக அவள் சொன்னதால் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் சொன்னார். நான்கைந்து நாள் மாத்திரை சாப்பிட்டதும் வயிறு புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிட்டாள். ஸ்கேன் எடுக்கவும் போகவில்லை. அதற்குப் பதிலாகத் தோழி ஒருத்தி சொன்னபடி முருங்கையிலைப் பொடி வாங்கி, காலையில் ஒரு தேக்கரண்டியை வெந்நீரில் கலந்து குடிக்கத் தொடங்கினாள். மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. அந்தப் பொட்டலத்தின் மேல் ‘சூப்பர்ஃபுட்’ என்று பெரிதாக அச்சிட்டு, அதன் கீழே பாலைவிட 17 மடங்கு கால்சியம், பசலையைவிட 25 மடங்கு இரும்பு என்று எழுதியிருந்தார்கள்.

முருங்கையைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் முருங்கை மரமில்லாத வீடே இல்லாத ஊரில் வளர்ந்தவள் நான். மழை பிடிக்கும் நேரத்தில் கை கனத்துக்கு ஒரு போத்தை வெட்டி ஊன்றி, வெட்டிய நுனியில் சாணியை அப்பிவிட்டால் போதும், அது தானாகத் துளிர்த்து வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அடையடையாக ஒட்டியிருக்கும்; அப்பா தீப்பந்தம் கட்டிக்கொண்டு வந்து பொசுக்குவார். அந்த இரண்டு மாதம் தவிர வாரத்துக்கு இரண்டு நாளாவது எங்கள் வீட்டில் முருங்கைக்கீரைதான். மாலையில் ஒடித்த கொத்துகளை அம்மா ஒரு பழைய துணியில் இறுக்கிக் கட்டி வைத்துவிடுவாள். காலையில் அவிழ்த்து உதறினால் இலையெல்லாம் உதிர்ந்து கிடக்கும், உருவும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். இந்தக் கீரையின் மீது எனக்கிருக்கும் பற்று பெரியது என்பதாலேயே, அதன் பெயரில் என் தங்கை மூன்று மாதத்தை இழந்தது எனக்குத் தாங்கவில்லை.

உலகம் முழுவதும் இன்று மொரிங்கா என்று அழைக்கப்படும் பெயரே நம் முருங்கையிலிருந்து பிறந்ததுதான். மரத்தின் பூர்வீகம் வடமேற்கு இந்தியாவின் இமயமலை அடிவாரம் என்று தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். பெயரை மட்டும் தமிழ் கொடுத்திருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்-1 என்ற செடிமுருங்கை வந்த பிறகு, போத்து ஊன்றிக் காத்திருந்த பயிர் விதை போட்டு ஆறேழு மாதத்தில் காய் பறிக்கும் பயிராக மாறியது. காய்க்காகத்தான் நம் ஊர்களில் தோட்டம் போட்டார்கள். இலையைப் பறித்து, உலர்த்தி, அரைத்துக் கப்பலேற்றும் தொழில் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது.

இலைக்கு இந்தப் புகழ் வந்த வழியில் ஆப்பிரிக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. நைஜீரியாவின் வடக்கிலும் நைஜரிலும் வாழும் ஹவுசா மக்கள் இதைச் சோகலே என்று அழைத்து, வேகவைத்த இலையோடு நிலக்கடலைப் பிண்ணாக்கைப் பொடித்துப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவது அவர்களுடைய பழைய வழக்கம். 1990களின் இறுதியில் செனகலில் தொண்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய லோவல் ஃபியூக்லி என்பவர், ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் இந்த இலையின் பொடியை உணவில் சேர்க்கும் பணியை முன்னின்று நடத்தினார். பால், பழம், காய்கறி எதுவும் எளிதில் கிடைக்காத வறண்ட கிராமங்களில் தானாக வளரும் ஒரு மரத்தைச் சுட்டிக்காட்டிய அந்தப் பணி மதிக்கத்தக்கது. ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி, பாலைவிட நான்கு மடங்கு கால்சியம், வாழைப்பழத்தைவிட மூன்று மடங்கு பொட்டாசியம் என்று இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வரிகள் அந்தப் பணியின் வழியாகத்தான் பரவின.

அந்த வரிகளின் பின்னால் உள்ள எண்களைத் தேடிப் பார்த்தேன். 100 கிராம் பச்சை இலையில் 440 மில்லிகிராம் கால்சியம், 220 மில்லிகிராம் வைட்டமின் சி என்பவை ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் இருப்பவை. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் கால்சியம் 314 மில்லிகிராமாகவும் வைட்டமின் சி 108 மில்லிகிராமாகவும் இருக்கின்றன, இரும்பு 4.5 மில்லிகிராமை ஒட்டி வருகிறது, புரதம் 6.4 கிராம். மண், பருவம், இலையின் முதிர்ச்சி, அளக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஏற்ப இந்த எண்கள் ஏறி இறங்கும். வாழைப்பழத்தின் பொட்டாசியத்தை 88 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டதால்தான் மூன்று மடங்கு என்ற கணக்கே வந்தது. இன்றைய அளவீடுகளில் வாழைப்பழத்திலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது என்பதால் அந்த மடங்கு காணாமல் போய்விடுகிறது. இவ்வளவு குறைத்த பிறகும் 314 மில்லிகிராம் கால்சியமும் 6 கிராமுக்கு மேல் புரதமும் ஒரு கீரைக்கு மிக உயர்ந்த அளவுகள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மெய்யான எண்ணே இவ்வளவு நன்றாக இருக்கும்போது அதை ஊதிப் பெரிதாக்க வேண்டிய தேவை என்ன என்பதுதான் என் ஆற்றாமை.

பொடியின் கணக்கு இன்னும் வேறு. இலையை உலர்த்தும்போது நீர் போய்விடுவதால் மீதமுள்ள சத்துகள் எடைக்கு எடை செறிந்துவிடுகின்றன. பொடியை விற்பவர்கள் வழக்கமாகக் காட்டும் பட்டியலின்படி 100 கிராம் பொடியில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் கால்சியமும் 28 மில்லிகிராம் இரும்பும் உண்டு. நூற்றுக்கு 87 பங்கு நீராக இருக்கும் பாலோடு, நீர் பெரும்பாலும் போய்விட்ட பொடியை எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் 17 மடங்கு வரத்தான் செய்யும். ஆனால் 100 கிராம் பொடியை ஒரே நாளில் யாரும் தின்பதில்லை. என் தங்கை குடித்தது ஒரு தேக்கரண்டி, அதிகம் போனால் 5 கிராம். அதில் 100 மில்லிகிராம் கால்சியமும் 1.4 மில்லிகிராம் இரும்பும் இருந்திருக்கும். ஒரு தம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த இரும்பு 29 மில்லிகிராம். இரத்தசோகைக்கு அரசு மருத்துவமனைகளில் கொடுக்கும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. 60 மில்லிகிராமைத் தள்ளி வைத்துவிட்டு 1.4 மில்லிகிராமை அவள் நம்பியிருந்தாள். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி அவள் முன்னால் வைத்தபோது வெகுநேரம் எதுவும் பேசாமல் இருந்தாள்.

இது அவளுடைய அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. கீரையும் பருப்பும் அறியாத நாடல்ல இது. கீரையில் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ள இரும்பைப் போல எளிதில் உடம்பில் சேராது. உண்பதில் சிறு பங்குதான் குடலில் உறிஞ்சப்படுகிறது. அந்தச் சிறு பங்கும் சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் இன்னும் குறைந்துவிடும், ஏனென்றால் அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மாறாக, வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று அதே வேளை உணவில் இருந்தால் உறிஞ்சப்படும் அளவு கூடுகிறது. பச்சை முருங்கையிலையில் அது நிறைய இருந்தாலும் வெப்பத்திலும் உலர்த்துவதிலும் பெரும்பகுதி போய்விடுவதால், கீரைச் சோற்றோடு எலுமிச்சை பிழிவதோ நெல்லிக்காய்த் துண்டு கடித்துக்கொள்வதோ உண்மையாகவே பயன் தரும் பழக்கம். கீரையை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டுவது சத்தையும் சேர்த்துக் கொட்டுவதாகும்.

முருங்கையிலையின் மெய்யான பெருமை என்று நான் நினைப்பது அதன் பீட்டா கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்கும் நோய் எதிர்ப்புக்கும் அது இன்றியமையாதது. இது கொழுப்பில் கரைவது, ஆகவே துளி எண்ணெயோ தேங்காயோ இல்லாமல் வெந்நீரில் கலக்கிக் குடிப்பது அதை வீணாக்கும் முறை. வெண்ணெய் உருக்கும்போது கடைசியில் ஒரு கொத்து முருங்கையிலையைப் போட்டுப் பொரியவிட்டு இறக்குவது நம் வீடுகளில் வழக்கம். நெய் மணக்க வேண்டும் என்பதற்காகத்தான் அம்மா அப்படிச் செய்தாள். சட்டியின் அடியில் தங்கும் அந்த மொறுமொறுப்பான இலைக்கும் கசண்டுக்கும் சுடுசோற்றை ஏந்திக்கொண்டு நானும் தங்கையும் அடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. இலையில் உள்ள கரோட்டினுக்கு வேண்டிய கொழுப்பு அந்தச் சட்டியிலேயே இருந்தது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

‘சூப்பர்ஃபுட்’ என்ற சொல் மருத்துவச் சொல் அன்று, விற்பனைச் சொல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல், அங்கீகரிக்கப்பட்ட நலக் கூற்று ஒன்றின் துணையில்லாமல் அந்தச் சொல்லை உணவுப் பொருளின் உறையில் அச்சிட முடியாது. இந்த வகைப் புகழ் எப்படித் தவறான வழியில் போகும் என்பதற்கு வாழைப்பழமே சான்று. 1924இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர், சீலியாக் என்ற குடல் நோயால் இளைத்துப்போன குழந்தைகளுக்கு ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் நிறுத்தி வாழைப்பழ உணவு கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்துக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. பின்னால் நெதர்லாந்தின் வில்லெம் டிக்கே என்ற மருத்துவர்தான் நோய்க்குக் காரணம் கோதுமை என்று கண்டறிந்தார். குழந்தைகளைத் தேற்றியது தட்டில் இருந்த வாழைப்பழம் அன்று, தட்டில் இல்லாத கோதுமை. குணமாகிவிட்டோம் என்று நினைத்து அந்தக் குழந்தைகள் மறுபடி ரொட்டி தின்றிருந்தால் நோய் திரும்பியிருக்கும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

முருங்கையிலை சர்க்கரையைக் குறைக்கும், கொழுப்பைக் கரைக்கும், தாய்ப்பால் பெருக்கும் என்றெல்லாம் சொல்லப்படுவதற்கு ஓரளவு அடிப்படை இருக்கிறது. விலங்குகளிடம் செய்த சோதனைகள் நிறைய. மனிதர்களிடம் செய்தவை பெரும்பாலும் சிலரை மட்டும் வைத்துச் சில வாரங்கள் நடந்தவை. உணவோடு இலை சேரும்போது சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை சற்றுத் தணிகிறது என்று அவற்றுள் சில காட்டுகின்றன. பிள்ளை பெற்றவளுக்கு இந்தக் கீரையைச் சமைத்துப் போடும் வழக்கம் பிலிப்பைன்ஸிலும் உண்டு. அங்கே மலுங்கை என்று சொல்லிக் கோழிச் சாற்றில் போடுகிறார்கள். இவை நம்பிக்கை தருபவை, ஆனால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தும் அளவுக்குப் போதுமானவை அல்ல. மாத்திரையோடு சேர்த்துப் பொடியையும் நிறைய எடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் எந்தக் கீரையையும் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, ஏனென்றால் கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். சிறுநீரகம் பழுதானவர்கள் பொட்டாசியத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவுற்றவர்கள் மரப்பட்டையையும் வேரையும் அறவே தொடக் கூடாது.

என் தங்கையை ஐப்பசியில் ஸ்கேனுக்குக் கூட்டிச் சென்றேன். கருப்பையில் கட்டி இருந்தது. மாதாமாதம் வெளியேறிய இரத்தத்துக்கு அதுதான் காரணம். எந்தக் கீரையும் அதை அடைத்திருக்க முடியாது. சிகிச்சை நடந்தது. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்குப் பின் போடலாம் என்றும், கறுப்பு மலம் அந்த மருந்தின் இயல்பு, பயப்பட வேண்டாம் என்றும் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். இதை முதல் நாளே யாராவது அவளிடம் சொல்லியிருந்தால் அவள் நிறுத்தியிருக்கவே மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. மாசியில் மறுபடி பார்த்தபோது 11.6 வந்திருந்தது.

கீரையை நாங்கள் விடவில்லை, தட்டில் அதற்குரிய இடத்தில் வைத்திருக்கிறோம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கீரை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. அந்த அளவை முருங்கை ஒன்றாலேயே நிரப்பாமல் அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி என்று தங்கை மாற்றி மாற்றிச் சமைக்கிறாள். வாரத்தில் இரண்டு மாலை முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. 100 கிராம் கேழ்வரகிலேயே 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்பதால் இந்த இரண்டும் சேருவது நல்ல சேர்க்கை. ஒரு பங்கு மாவுக்கு அரைப்பங்கு ஆய்ந்த கீரை, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் தேங்காய்த் துருவல். வெந்நீர் தெளித்துப் பிசைந்து, வாழையிலையில் தட்டி, கல்லில் நல்லெண்ணெய் விட்டுச் சிறு தீயில் இரண்டு பக்கமும் வேகவிட வேண்டும். ஈர்க்கு இல்லாமல் ஆய்ந்துகொள்வது முக்கியம், இல்லாவிட்டால் தட்டும்போது அடை பிய்ந்துபோகும். முன்பெல்லாம் அடை தின்ற கையோடு டீ குடிப்பாள். இப்போது ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறாள்.

பொட்டலத்தில் மீதமிருந்த பொடியையும் வீணாக்கவில்லை, பருப்புப் பொடியில் கலந்து நெய் சோற்றுக்குப் போட்டுக்கொண்டோம். இந்த ஆடியில் அம்மா வீட்டு மரத்திலிருந்து ஒரு போத்து வெட்டி வந்து, அவள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஊன்றியிருக்கிறேன். நுனியில் சாணி அப்பியது அவள்தான். போன வாரம் இரண்டு இடத்தில் துளிர் விட்டிருப்பதாகப் படம் அனுப்பியிருந்தாள்.