வாளுக்கு ஏசியோ?

மூன்று வருசத்துக்கு முதல், ஒரு ஜனவரியில், நான் செய்து முடித்த முக்காலியின் கால் ஒன்று கையோடு கழன்று வந்தது. பொருத்தைப் பார்த்தால், மஞ்சளாய்க் காய்ந்திருக்க வேண்டிய பசை சுண்ணாம்பு மாதிரி வெளிறிப்போய்க் கிடந்தது. நகத்தால் சுரண்டப் பொடிந்தது. பிறகுதான் போத்தலைத் திருப்பி வாசித்தேன்: 10 பாகைக்குக் கீழே பாவிக்கக் கூடாது. அன்றைக்கு, நான் மரவேலை செய்கிற எங்கட கராஜுக்குள், கனடாவின் ஸ்காபரோவில், 3 பாகை.

அதுவரைக்கும் எனக்குத் துணை ஒரு புரொப்பேன் ஹீட்டர்தான். கை சூடாகும், ஆனால் கராஜ் முழுக்க ஈரமாகும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணி ஆவியாய் வரும். அது போய்ப் படிகிறது குளிர்ந்த இரும்பில். காலமை கதவைத் திறந்தால், மரம் அறுக்கிற மின்வாளான டேபிள் சோவின் வார்ப்பிரும்பு மேசை வியர்த்திருக்கும். இரண்டு நாளில் செம்மஞ்சளாய்க் கறள். கார்பன் மொனொக்சைட் நச்சுவாயுப் பயம் வேறு. வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸில் இருந்து ஒரு காற்றுக் குழாய் இழுக்கலாமென்றால் கட்டடச் சட்டம் விடாது; கராஜ் காற்று வீட்டுக்குள் போகக் கூடாது.

கடைசியில், சுவரில் மாட்டுகிற ஏசிப் பெட்டி மாதிரியான மினி ஸ்பிளிட் என்று முடிவெடுத்தேன். வலு 12,000 பிடியூ, வெளியே மைனஸ் 25 பாகை வரை இயங்கும் என்று போட்டிருந்த மொடல்.

"ஊரில எங்கட வீட்டுக்கே ஏசி இல்லை. இங்க வாளுக்கு ஏசியோ?" என்று மனைவி கேட்டா.

"ஏசி இல்லையப்பா, ஹீட் பம்ப்."

"ரெண்டும் ஒரே பெட்டிதானே?"

ஒரே பெட்டிதான். குளிர்காலத்தில் உள்ளே ஒரு வால்வு வாயு ஓடுகிற திசையை மாற்றிவிடும். வெளியே கிடக்கிற கொஞ்ச நஞ்சச் சூட்டை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும். பூச்சியத்துக்குக் கிட்ட நின்றால் ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டரை, மூன்று யூனிட் சூடு கிடைக்கும். மைனஸ் 20இல் அது இரண்டுக்குக் கிட்ட இறங்கிவிடும். கராஜ் கதவின் இடுக்கெல்லாம் ரப்பர் அடித்து, பின்பக்கம் ஃபோம் பலகை ஒட்டின பிறகுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

வேலை இல்லாத நாளில் ரிமோட்டில் 8 பாகை. பசை பூசப் போகிறேன் என்றால் முதல் நாள் இரவே 16க்கு ஏற்றிவிடுவேன். காற்று அரை மணித்தியாலத்தில் சூடாகும், பலகையும் இரும்பும் கொங்கிறீட் தரையும் ஆறுதலாகத்தான் சூடாகும். 2023இல் ஒன்டாரியோவில் வந்த மின்கட்டணத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை கரண்ட் மலிவு என்பதும் வாய்ப்பாகப் போச்சு. கறள் என்ற கதையே இப்ப இல்லை.

ஆனால் இந்தப் பெட்டிக்கு எமன் மரத்தூள். முதல் கோடையில் இரண்டு நாள் தொடர்ந்து, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையை உரசி சாண்ட் பண்ணினேன், ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் சுவர் வழியே தண்ணி வழிந்து, கீழே சாத்தியிருந்த மேப்பிள் பலகையில் சொட்டுது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டிக்குள் குளிர்ந்து நனைந்திருந்த தகடுகளில் தூள் ஒட்டி இடியப்பத்துக்குக் குழைத்த மா மாதிரி. விசிறியின் ஒவ்வொரு இதழிலும் கம்பளி போர்த்தது போல மண்ணிறப் படை. தண்ணி வடிகிற குழாய் அடைத்துப்போச்சு. வெளியே போய், குழாயின் நுனியில் வெட் வாக்யூமைப் பிடித்துத் துணியால் சுற்றி இழுத்தேன். 'கொளக்' என்ற சத்தத்தோடு ஒரு உருண்டை வந்து விழுந்தது. விசிறிக்குப் பழைய பல்தூரிகை, ஒரு ஞாயிறு முழுக்க.

பெட்டியோடு வருகிற வலைப் பில்டர் பெரிய தூளைத்தான் மறிக்கும், மாவைப் போன்றதை மறிக்காது. இப்ப நுண்ணிய தூளையும் மறிக்கிற மெர்வ் 13 தர பில்டர் நாலைச் சதுரமாய் ஒட்டி, மேலே பெட்டி விசிறி ஒன்றை வைத்திருக்கிறேன். சாண்ட் பண்ணத் தொடங்கமுதல் மினி ஸ்பிளிட்டை நிற்பாட்டி, தூள் அடங்கின பிறகுதான் போடுவது. வலையைக் கழுவுவது இரண்டு கிழமைக்கு ஒருக்கால்.

போன கிழமை போய்ப் பார்த்தால் பெட்டிக்கு நேரே கீழே, என்ர வேலை மேசையில், ஒரு தட்டு மோர்மிளகாய் காயுது.

"ரெண்டு நாளைக்கு அந்த மெஷினுகள் ஒண்டையும் போடாதேங்கோ," என்றா.