சவாரி பழகிய கோவேறு கழுதைகள்

அக்டோபர் மாதம் இலை நிறம் மாறுவதைப் பார்க்கக் கிளம்பி, கார் நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரத்தைத் தொலைத்த ஊர் ஜிம் தோர்ப். பென்சில்வேனியாவில், லீஹை ஆற்றங்கரையில், இரண்டு பக்கமும் மலை நெருக்க நடுவில் செருகி வைத்த மாதிரி ஒரு சின்ன ஊர். 1954 வரைக்கும் இதன் பெயர் மாக் சங்க், லெனாப்பே பழங்குடி மொழியில் கரடி மலை. கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பெயரோ கார்பன். 1843-ல் கவுண்டியைப் பிரித்தபோது நிலக்கரிக்குத்தான் அந்த மரியாதை. இலை என்னவோ அழகாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாக நான் படித்துக்கொண்டிருப்பது கரியையும் கழுதையையும் பற்றி.

கதை 1791-ல் ஆரம்பிக்கிறது. ஃபிலிப் கிண்டர் என்ற ஆள் மலை உச்சியில் ஒரு கறுப்புக் கல்லைப் பார்த்து, எடுத்துப் போய் ஜேக்கப் வைஸ் என்பவரிடம் காட்டுகிறார். அடுத்த வருஷமே ஒரு கம்பெனி தொடங்கிவிட்டார்கள். அப்புறம் முப்பது வருஷம் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. கிடைத்தது ஆந்த்ரசைட், கல் மாதிரி இறுகிய கரி, லேசில் பற்றாது. 1803-ல் ஆறு மரத்தெப்பங்களில் ஏற்றி அனுப்பியதில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு. அங்கே அதைக் கொளுத்திப் பார்த்துச் சலித்துப் போய், மிச்சத்தை உடைத்து நடைபாதையில் ஜல்லிக்குப் பதிலாகக் கொட்டிவிட்டார்கள்.

இந்தக் கரியை எரியவைக்கும் வித்தை பிடிபட்டது ஜோசையா வைட், எர்ஸ்கின் ஹசார்ட் என்ற இரண்டு கம்பித் தொழிற்சாலைக்காரர்களுக்கு. ராத்திரி முழுக்கக் கிளறியும் எரியவில்லை என்று உலைக்கதவை மூடிவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போக, மறந்து வைத்த கோட்டை எடுக்க ஒருவன் திரும்பி வந்து பார்த்தால் கதவே செக்கச்செவேல் என்று கனிந்திருந்ததாம். கோட்டு விஷயம் கொஞ்சம் ஜோடனை போலத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் பாடம் சரி: இதைக் கிளறக்கூடாது, காற்றை மட்டும் விட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இவர்கள் இருவரும் ஜார்ஜ் ஹாட்டோ என்பவரைச் சேர்த்துக்கொண்டு, பழைய கம்பெனியின் நிலத்தை இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்தார்கள். வருஷ வாடகை ஒரு மக்காச்சோளக் கதிர். ஒரே ஒரு கதிர்! அந்த மலையை அவ்வளவு மதித்திருக்கிறார்கள்.

முதலில் ஆற்றைச் சரிசெய்தார்கள். வைட் ஒரு மதகு கண்டுபிடித்தார், தேக்கிய தண்ணீரைத் திறந்துவிட்டால் வெள்ளம் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போகும். என்ன கட்டுகிறீர்கள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் கேட்டுத் தொணதொணக்க, வேலைக்காரர்கள் கரடிப்பொறி என்று சொல்லி வாயை அடைத்தார்களாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1820-ல் இப்படிப் போய்ச் சேர்ந்த கரி 365 டன்.

சரி, சுரங்கம் இருப்பதோ மலை மேலே சம்மிட் ஹில்லில், ஆற்றங்கரை ஒன்பது மைல் கீழே. 1827-ல் அங்கே நீள மரக்கட்டைகளின் மேல் இரும்புப் பட்டை அறைந்து தண்டவாளம் போட்டார்கள். அமெரிக்காவின் ஆரம்பகால ரயில் பாதைகளில் ஒன்று, ஆனால் எஞ்சின் கிடையாது. கரி ஏற்றிய வண்டியை அவிழ்த்துவிட்டால் சரிவே இழுத்துக்கொண்டு வந்துவிடும், பிரேக் பிடிக்க ஆள் மட்டும் போதும், அரை மணி நேரத்தில் ஆற்றங்கரை. காலி வண்டியை மேலே இழுத்துப் போகத்தான் கோவேறு கழுதைகள், அதற்கு மூன்று நாலு மணி நேரம் ஆகும். கழுதைகள் மறுபடி கீழே வந்தாக வேண்டுமே? அவற்றுக்கென்று தனி வண்டி, உள்ளே தீவனத் தொட்டி. கரி வண்டிகளின் பின்னாலேயே காற்று வாங்கிக்கொண்டு, வைக்கோலை மென்றுகொண்டு இறங்கும். கொஞ்ச நாளில் அதுகளுக்கு இது உரிமையாகிவிட்டது. ஒருமுறை நடத்திக் கூட்டி வரப் பார்த்தால் அடித்தாலும் நகரவில்லையாம், வண்டி வந்தால்தான் ஆச்சு என்று நின்றுவிட்டனவாம். இந்த மலையின் வரலாற்றில் கம்பெனியிடம் கேட்டதைக் கேட்டபடி வாங்கியது அவை மட்டும்தானோ என்னவோ.

1840-களின் நடுவில் கழுதைகளுக்கும் வேலை போயிற்று. மவுண்ட் பிஸ்கா மேல் நீராவி எஞ்சின் வைத்து, 2,322 அடி நீளச் சரிவில் 664 அடி உயரத்துக்கு இரும்புப் பட்டையால் வண்டிகளை இழுத்தார்கள். அங்கிருந்து ஒரு சின்ன உருளல், அப்புறம் மவுண்ட் ஜெஃபர்சனில் இன்னொரு இழுப்பு, சம்மிட் ஹில் வந்துவிடும்.

கரி நகர நகர ஊரில் பணம் கொழித்தது. 1833-ல் இங்கே வந்த தச்சர் ஏசா பேக்கர் படகு ஓட்டி, பிறகு லீஹை வேலி ரயில்வேயைக் கட்டி, பெரும் கோடீஸ்வரர் ஆனார். அவர் மாளிகையை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம், நாங்கள் போகவில்லை.

போனது பழைய ஜெயிலுக்கு. 1877 ஜூன் 21-ந் தேதி இங்கே நாலு ஐரிஷ் ஆட்களை ஒரே தூக்குமேடையில் தொங்கவிட்டார்கள், மாலி மகுவயர்ஸ் என்ற ரகசியக் கூட்டம், சுரங்க மேலாளர்களைக் கொன்றார்கள் என்று வழக்கு. கொலைகள் நடந்தது உண்மை. ஆனால் துப்பு கொடுத்தது ரயில்வே முதலாளி கூலிக்கு அமர்த்திய பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் கம்பெனியின் ஒற்றன், இந்த ஊரில் அரசுத் தரப்புக்கு வாதாடியவர் ஒரு கரிக் கம்பெனியின் வக்கீல் சார்ல்ஸ் ஆல்பிரைட், அதுவும் தன் பழைய ராணுவச் சீருடையோடு. ஜூரியில் ஐரிஷ் கத்தோலிக்கர் ஒருவர்கூட இல்லை. இதற்குப் பெயர் விசாரணையா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. 17-ம் எண் அறைச் சுவரில் ஒரு கை அச்சு, மங்கலாக, விரல்கள் விரிந்து. நான் குற்றவாளி இல்லை என்பதற்கு இது அழியாமல் சாட்சி சொல்லும் என்று ஒரு கைதி அழுக்குக் கையைச் சுவரில் பதித்தானாம். அலெக்சாண்டர் கேம்பல் என்பார்கள், அடுத்த வருஷம் தூக்கிலிட்ட தாமஸ் ஃபிஷர் என்பாரும் உண்டு.

அதற்குள் மலை ரயிலின் கரி வேலையும் முடிந்திருந்தது. 1872-ல் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டதும் கரி அந்த வழியாகப் போய்விட, காலியான பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றினார்கள். கழுதைகள் அனுபவித்த சவாரிக்கு மனிதர்கள் காசு கொடுத்து வந்தார்கள், 1933 வரை. 1884-ல் நியூயார்க்கின் கோனி தீவில் வந்த முதல் ரோலர் கோஸ்டருக்கு வைத்த பெயரே இந்தப் பாதையின் பெயர்தான், ஸ்விட்ச்பேக்.

தண்டவாளத்தை எப்போதோ பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். தடம் மட்டும் நடைபாதையாக இருக்கிறது. கழுதைக் கதையைப் பையனுக்குச் சொல்லிக்கொண்டே மேலே கொஞ்ச தூரம் ஏறினோம். திரும்பும்போது பாதி வழியில் நின்றுவிட்டான். கால் வலி எதுவும் இல்லையாம், இறங்கும்போது நடக்கமாட்டானாம். கார் வரைக்கும் முதுகில் சுமந்துகொண்டு வந்தேன்.