அச்சில் இல்லாத காமிக்ஸை ஸ்கேன் செய்து பகிர

சிறிய அளவில் சொந்தமாக அச்சிட்ட காமிக்ஸ் தீர்ந்துபோனால் மறுபதிப்பு வருவது அபூர்வம். இணையத்தில் ஏறும் முதல் ஸ்கேன்தான் பெரும்பாலும் நிலைத்துவிடும். மங்கலாக இருந்தாலும் எல்லோரும் அதையே இறக்கி அதையேதான் சுற்றுக்கு விடுவார்கள். ஆகவே ஃபோனில் படம்பிடித்து ஏற்றுவதைவிட ஒரு வாரம் தாமதிப்பது மேல்.

வேலை அனுமதியில் தொடங்குகிறது. அச்சில் இல்லை என்பதால் பதிப்புரிமை காலாவதி ஆகிவிடாது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி படைப்பாளி இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை அது இருக்கும். பல நாடுகளில் 70. கதை ஒருவர், ஓவியம் ஒருவர், அட்டை இன்னொருவர் என்றால் மூவரையும் கேளுங்கள். முழு இதழா, படிக்க மட்டுமா, இறக்கிக்கொள்ளவுமா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்படியே அச்சுக்குப் போன கோப்போ மூல ஓவியமோ கைவசம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால் கீழே உள்ளதில் பாதி தேவைப்படாது.

நடுவில் பின் அடித்த புத்தகம் என்றால், மழுங்கிய கத்தியால் பின்னை நிமிர்த்திக் கழற்றிவிட்டுத் தாளாக ஸ்கேன் செய்யலாம். கழற்றாமல் கவிழ்த்து அமுக்கினால் மடிப்பருகே எழுத்து மங்கும். மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனர்களில் இது இன்னும் மோசம். கண்ணாடியை ஒட்டாத எதையும் அவை தெளிவாகப் பிடிக்காது. கழற்றிய தாளில் பக்க வரிசை குழப்பும். 32 பக்க இதழில் ஒரே முகத்தில் அமையும் இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 33: 32-உம் 1-உம், 2-உம் 31-உம். உண்மையான இரட்டைப் பக்கம் நடுவிலுள்ள 16-17 மட்டும்தான். மற்ற இரட்டைப் பக்க ஓவியங்கள் இரண்டு தாள்களில் பிரிந்து கிடக்கும். அவற்றை ஒட்டும்போது கருமை ஒன்றுபோல் இருக்காது. கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), வண்ணத்துக்கு 300 போதும். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம், கூர்மையாக்கம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் தாளின் வெண்மை மாறும். மறுபக்க அச்சு ஊடுருவித் தெரிந்தால் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். சேமிப்பது தரம் குறைக்காத கோப்பு வகைகளான டிஃப் (TIFF) அல்லது பிஎன்ஜியாக (PNG). ஜேபெக்கில் கறுப்புக் கோட்டைச் சுற்றி அழுக்குப் படியும், பிறகு அகற்றவே முடியாது.

பழுப்பேறிய தாளுக்கு ஓர் எளிய வழி உண்டு. கறுப்பு மையில் அச்சான பக்கத்தையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, படத் திருத்தச் செயலியில் சிவப்புச் சேனலை (படத்தின் சிவப்பு, பச்சை, நீல அடுக்குகளில் சிவப்பை) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிறம் நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்குகிறது, அதனால் சிவப்பில் தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே தெரியும். (யாராவது நீலப் பேனாவால் பெயர் எழுதியிருந்தால் அது சிவப்பில் கறுத்து நிற்கும், அந்த இடத்துக்கு மட்டும் நீலச் சேனல்.) அடுத்து லெவல்ஸ், அதாவது எது முழு வெள்ளை, எது முழுக் கறுப்பு என்று வரையறுக்கும் கருவி. வெள்ளை முனையை அதிகம் இழுத்தால் மெல்லிய கோடுகள் அறுந்துபோகும், கறுப்பு முனையை இழுத்தால் நெருக்கமான குறுக்குக் கோடுகளின் இடைவெளி அடைத்துக்கொள்ளும். பக்கத்தை முழுதாகப் பார்த்தால் இது கண்ணில் படாது. ஓவியத்தில் ஒரு முகத்தின் நிழல் பகுதியைத் திரையில் 100 சதவீத அளவில் வைத்துக்கொண்டு முனைகளை நகர்த்துங்கள். தாளின் நிறத்தை அடியோடு வெளுக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள்தான் ஓவியத்தைக் கெடுக்கிறார்கள்.

புள்ளிச் சாயம் (சிறு புள்ளிகளால் ஆன நிழல்) உள்ள பக்கங்களைச் சிறிதாக்கும்போது அலையலையாக ஒரு கோலம் விழும். கிரேஸ்கேலிலேயே (சாம்பல் நிற அளவுகளும் உள்ள படமாகவே) வைத்து, லேசாக மங்கலாக்கிவிட்டுச் சரிபாதியாகக் குறையுங்கள். வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றிய பிறகு சிறிதாக்கினால் தப்பிக்க வழியில்லை.

கோப்புப் பெயர்கள் 001, 002 என்று மூன்று இலக்கத்தில் இருக்கட்டும். 1, 2 என்று வைத்தால் சில செயலிகளில் 10-ஆம் பக்கம் 2-க்கு முன்னால் வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஜிப் செய்து, பெயரின் கடைசியில் உள்ள .zip-ஐ சிபிஇசட் (.cbz) என்று மாற்றினால் காமிக்ஸ் செயலிகள் நேரடியாகத் திறக்கும். உள் அட்டை, வாசகர் கடிதம், விளம்பரம் எதையும் விட்டுவிடாதீர்கள். எந்த ஆண்டு, யார் அச்சிட்டது என்ற விவரம் பல நேரம் அங்கேதான் இருக்கும். வாங்கிய அனுமதியின் வரம்பை முதல் பக்கத்துக்கு முன் ஒரு தனிப் பக்கமாகச் சேர்த்துவிடுங்கள். கோப்பு எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும்.