குண்டன் வால் – கோத்தகிரி குறிப்புகள்

நவம்பர் 14, வெள்ளி

எங்கள் தங்கமீன் குண்டனின் வால் ஓரம் வெளுத்திருக்கிறது. நேற்று ராத்திரி நிழல் என்று விட்டுவிட்டேன். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் கீழ்மடல் இரண்டு இடத்தில் பிரிந்து, நடுவில் சவ்வு போய், முள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓரம் பால் நிறம். அதற்கு உள்ளே மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு.

கோவையிலிருந்து போன் இல்லை.

நவம்பர் 15, சனி

காரணம் தெரிந்துவிட்டது. நான் கோவையில் இருந்தபோது சித்தப்பா வந்து தொட்டியைச் சுத்தம் செய்திருக்கிறார். அம்மாயிக்கு ஒரே பெருமை. "கூழாங்கல்லு, பஞ்சு எல்லாத்தையும் பைப்படியில வச்சு பிரஷ் போட்டுத் தேச்சு, கண்ணாடியாட்டம் பண்ணிக் குடுத்துட்டுப் போனாரு கண்ணு."

அந்த ஃபில்டர் பஞ்சின் வழவழப்புதான் தொட்டிக்கே உயிர். மீன் கழிக்கிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அதில்தான் குடியிருக்கும். மழை மாதத்துக் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாசனை மூக்கைத் துளைக்கிறது. அதில் கழுவினால் எது மிஞ்சும்?

அம்மோனியா டெஸ்ட் கிட்டில் 5 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து சொட்டு விட்டேன். மஞ்சளாக நிற்க வேண்டியது பச்சைக்குப் போய்விட்டது. அட்டையோடு ஒப்பிட்டால் 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. இருக்க வேண்டியது பூஜ்யம்.

சித்தப்பாவை ஒன்றும் சொல்ல முடியாது. அப்பாவுக்குத் துணையாக ராத்திரி கோவை ஆஸ்பத்திரி வராந்தாவில் படுக்கிறவர் அவர்தான்.

மீன் கடைக்காரர் போனில் சொன்ன வைத்தியம்: "டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலைப் பிரிச்சுத் தட்டுங்க மேடம், ஒரே நாள்ல சரியாயிரும்." வாலைத் தின்கிற ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் பாக்டீரியா எல்லாம் எந்தத் தொட்டியிலும் சும்மா இருப்பவை. மீன் தெம்பாக இருக்கும்வரை அவற்றின் பாச்சா பலிக்காது. அம்மோனியாவைக் குறைக்காமல் காப்ஸ்யூல் போடுவது, அடுப்பைத் தணிக்காமல் பொங்குகிற பாலில் தண்ணீர் தெளிக்கிற கதை. புண் அடிவேர் வரைக்கும் இறங்கினால் அப்போது ஆன்டிபயாடிக் பற்றி யோசிக்கலாம். வேரே போய்விட்டால் வால் திரும்ப முளைக்காது என்பதும் தெரியும். அதனால்தான் மணிக்கொரு தரம் டார்ச் அடிக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். அப்பாவுக்கு கிரியாட்டினின், சிறுநீரகத்துக்குப் பார்க்கிற ரத்த அளவு, 2.1.

நவம்பர் 19, புதன்

"மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டுப் புதுசா ஊத்த வேண்டியதுதானே?" பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அமில-காரச் சமநிலை நடத்துகிறவளிடம் கேட்டுவிட்டார், பாவம். விடுவேனா!

மலைத் தண்ணீர் மென்மையானது. அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கிற சத்து அதில் குறைவு. தொட்டியில் நாள்பட நிற்கும்போது பிஎச் தானாக இறங்கும், அதாவது அமிலம் கூடும். இறங்கினால் அம்மோனியாவில் பெரும்பங்கு அம்மோனியமாக மாறிவிடும். அதில் விஷம் ரொம்பக் குறைவு. குளிரும் அதற்கே துணை. குண்டன் இன்னும் நீந்துவது இதனால்தான். பிஎச் கூடின புதுத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் அந்த அம்மோனியம் திரும்ப அம்மோனியா ஆகி, செவுளைச் சுட்டுவிடும். எனவே தினமும் கால் பங்குதான். முதல் நாளே பிடித்து, வீட்டுக்குள் வைத்துக் குளிர் விட்ட தண்ணீர். குளோரினை முறிக்க லேபில் கேட்டு வாங்கிய ஹைப்போ உப்பு இரண்டு பரல்.

அக்கா "ஓ, சரி சரி" என்று போய்விட்டார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கத்தான் வந்திருப்பார் போல.

நவம்பர் 20, வியாழன்

அம்மாயி தொட்டியில் சோறு போட்டிருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

கிழிந்த இடத்தில் பஞ்சு மாதிரி பூஞ்சை. தனி டப்புக்கு மாற்றியாகிவிட்டது. 20 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 40 கிராம் கல் உப்பு. கரைத்து, மூன்று தவணையாக விட்டேன். உப்பு ஆவியாகாது. அதனால் எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறோமோ அந்த அளவுக்குத்தான் மறுபடி போட வேண்டும். பூஞ்சைக்கான நீல மருந்து மெத்திலீன் புளூவும் டப்பில் மட்டும். பெரிய தொட்டியில் விட்டால் பஞ்சில் புதிதாக வருகிற பாக்டீரியாவும் காலி.

மருந்து மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. கண்ணாடி பாட்டில், துணிப்பை. பிளாஸ்டிக் கவர் என்றால் குஞ்சப்பனை செக்போஸ்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். குண்டனே தூக்குப்போசியில் மலையேறியவன்தான். வளைவுக்கு வளைவு மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாராம் அப்பா, டிரஸ்ஸெல்லாம் தண்ணீர்.

விரல் ஐந்தும் நீலம். நாளைக்கு கிளாஸில் சிரிப்பார்கள்.

நவம்பர் 26, புதன்

மழை. ரோட்டில் மரம் விழுந்து கீழே பஸ் போகவில்லை. சாயங்காலத்திலிருந்து கரண்ட் இல்லை. ஏர் பம்பு நின்றுபோனது. ஜக்கில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் 14 டிகிரி. இந்தக் குளிரில் தங்கமீன் சாகாது, ஆனால் புண் ஆறுவது இழுக்கும். தீனி நிறுத்திவிட்டேன். செரிக்காமல் கழித்தால் அதுவும் அம்மோனியாதான்.

போனில் சார்ஜ் 9. கிரியாட்டினின் 2.6 என்றார் சித்தப்பா, பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டாகிவிட்டது. 2.6-ஆ 1.6-ஆ? 2.6 என்றுதான் கேட்டது. ஒன்று என்பதும் ரெண்டு என்பதும் அப்படியா குழம்பும்?

ஒரு மீனுக்கு இத்தனை பாடா. கொட்டிவிட்டுத் தூங்கலாம் போல் இருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

2.6 தான்.

நவம்பர் 30, ஞாயிறு

பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில் பழைய தொட்டி இருக்கிறது. நோய்நொடி எதுவும் வந்ததில்லையா என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, அவர்கள் ஃபில்டர் பஞ்சில் பாதி கேட்டேன். டிபன் பாக்ஸில் அந்தத் தொட்டித் தண்ணீரையே ஊற்றி நனைத்துக் கொண்டுவந்தான், டானிங்டனிலிருந்து நடந்தே. திறந்தால் காபிக் கசடு நிறம், மண் வாசனை. அழுகல் நாற்றம் துளியும் இல்லை. அப்படியே நம் ஃபில்டருக்குள் செருகினேன். அம்மாயி முகத்தைச் சுளித்தது. "கழுவாமயா வைக்கறே?"

கழுவாமத்தான், அம்மாயி.

டிசம்பர் 3, புதன்

தீபம். வாசலில் அகல் வைக்க விடவில்லை காற்று. ஜன்னலுக்குள் வைத்தோம்.

அம்மோனியா 0.25. டப்பிலிருந்து தொட்டிக்கு மாற்றினேன். வால் ஓரத்தில் கறுப்புத் திட்டு பார்த்து வயிறு கலங்கிவிட்டது. பிறகு நிதானித்தேன். அம்மோனியா சுட்ட இடம் ஆறும்போது கறுக்கும். டார்ச்சை வாலுக்குப் பின்னால் பிடித்தால், கறுப்புக்கு வெளியே நிறமே இல்லாத மெல்லிய விளிம்பு. அழுகல் என்றால் பால் மாதிரி மங்கலாக இருக்கும், ஒளி புகாது. இதில் அம்மாயியின் விரல் தெரிகிறது. புதுச் சவ்வு!

கோவைக்கு போட்டோ அனுப்பினேன். "சாப்பிடுதா?" என்று அப்பாவே அடித்திருக்கிறார். அவரே அடித்திருக்கிறார்.

டிசம்பர் 5, வெள்ளி

இப்போது நைட்ரைட் ஏறுகிறது. எதிர்பார்த்ததுதான், நைட்ரைட்டை மாற்றுகிற இரண்டாவது பாக்டீரியாக் கூட்டம் எப்போதும் தாமதமாக வரும். பெரிய தொட்டியிலும் கொஞ்சம் உப்பு. அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டைச் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போகவிடாது.

கிரியாட்டினின் 2.2.

டிசம்பர் 8, திங்கள்

நைட்ரைட் 0.5. ஊறவைத்த தீனி நாலு உருண்டை போட்டேன், நாலும் காலி. சித்தப்பா நாளைக்கு வருகிறாராம், துணி எடுத்துப் போக. தொட்டிப் பக்கம் போகவிடக் கூடாது என்று அம்மாயியிடம் சொல்லியிருக்கிறேன். கல் உப்பு தீர்ந்துவிட்டது. கடையில் தூள் உப்பு பாக்கெட்தான் இருக்கிறதாம், கட்டி பிடிக்காமல் இருக்க என்னவோ சேர்த்தது. அது வேண்டாம்.