விரிசல் விட்ட ஆன்டெனாவும் அதன் அடியில் இருக்கும் தகடும்

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் கூரைமேல் பின்பக்கம் சாய்ந்து நிற்கும் வளைந்த குச்சிதான், விமானி வெளியே பேசும் ரேடியோவுக்கான விஎச்எஃப் காம் ஆன்டெனா. வெயிலில் நிறுத்தியே வைத்திருக்கும் விமானமென்றால் அதன் முன்விளிம்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். பெயின்ட் மாவாக விரலில் ஒட்டினால் வெயில் தின்ன ஆரம்பித்துவிட்டது. அடுத்து ஃபைபர் கிளாஸ் இழை வெளியே தெரியும். அதற்கும் அடுத்தது, குச்சியும் அடித்தட்டும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஓடும் விரிசல்.

விரிசல் எல்லாம் ஒன்றல்ல. குச்சி நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டே விரிசலைப் பாருங்கள். வாய் திறந்து மூடினால் அந்த ஆன்டெனாவின் கதை முடிந்தது. அசையாமல் மேல்தோலில் மட்டும் கோடு தெரிந்தால், தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கிற அளவுக்குள் மேல்பூச்சைச் சரிசெய்யலாம். அதிலும் உலோகத்தூள் கலந்த பெயின்ட் கூடவே கூடாது. மேலே மேலே தடிமனாக அடிப்பதும் ஆன்டெனாவின் ட்யூனிங்கைக் கெடுக்கும். ஜிபிஎஸ் ஆன்டெனா என்றால், கையேடு வெளிப்படையாகச் சொல்லாதவரை பிரஷ்ஷைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

வாய் திறக்கும் விரிசலை எபாக்ஸி பசை வைத்து அடைத்தால் என்ன என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட விரிசல் கண்ணில் படும்போது தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். மேலே அடைப்பது அதை உள்ளேயே பூட்டுகிற வேலை. அடித்தட்டுக்குள், ஆன்டெனாவை ரேடியோவின் 50 ஓமுக்குப் பொருத்தும் சின்னச் சுருளும் அதன் சாலிடர் இணைப்புகளும் இருக்கின்றன. ஈரம் அவற்றைத்தான் அரிக்கும். குளிர்நாடுகளில் அதே நீர் உயரத்தில் உறைந்து, விரிந்து, விரிசலை இன்னும் பிளக்கும். மழையில் ரேடியோ கரகரத்து, இரண்டு நாள் காய்ந்ததும் தானாகச் சரியாகிற விமானம் என்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

ஆனால் ஆன்டெனாவைக் கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். மல்டிமீட்டர் உதவாது. பல மாடல்களில் நடுப்பின்னும் உடம்பும் டிசிக்கு ஷார்ட்டாகவே அமைந்திருக்கும், நல்ல ஆன்டெனாவும் பூஜ்யம் ஓம் காட்டும். ஆன்டெனா அனலைசர் வேண்டும். சரியாகக் காலிபரேட் செய்த நானோவிஎன்ஏ என்ற கையடக்க அனலைசர் போதும். விமானத்தை ஹேங்கருக்கு வெளியே தள்ளி, பக்கத்தில் ஆளோ ஏணியோ இல்லாமல், 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் செய்யுங்கள், அதாவது அலைவரிசைகளை வரிசையாக ஓட்டி அளங்கள். எஸ்டபிள்யூஆர் என்பது அனுப்பும் ஆற்றலில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏறாமல் திரும்புகிறது என்று காட்டும் எண். அது 2 என்றால் 10 வாட்டில் சுமார் 1.1 வாட் திரும்பி வருகிறது. 3 என்றால் 2.5 வாட். 3-ஐத் தாண்டினால் விடக்கூடாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரேடியோ செருகியிருக்கும் ட்ரே பக்கமிருந்து மட்டும் அளந்தால் கெட்ட கோஆக்ஸ் கேபிள் கெட்ட ஆன்டெனாவை நல்லதாகக் காட்டும். கேபிளில் ஒருவழிக்கு 3 டெசிபெல் இழப்பு இருந்தால் போகும்போது பாதி தொலையும், மீதி முழுக்கத் திரும்பினாலும் வரும்போது மறுபடி பாதி தொலையும். மீட்டருக்கு வந்து சேர்வது கால்பங்கு. அதாவது மேலே ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் எஸ்டபிள்யூஆர் 3 தான் காட்டும்! அதனால் ஆன்டெனா முனையில் கேபிளைக் கழற்றி, ஆன்டெனாவை நேரடியாக ஒருமுறையும், கேபிளைத் தனியாக ஒருமுறையும் அளக்க வேண்டும். மூன்று மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் புதிதாக இருக்கும்போது அரை டெசிபெல் அளவே தின்னும். அதைவிட நிறையத் தின்றால் கேபிளையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றும்போது ஆர்ஜி-400 போடுங்கள். புதிதில் இழப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளி பூசிய இரட்டைப் பின்னலும், வெப்பத்துக்கு இளகாத டெஃப்லானும்தான் அதன் பலம்.

கழற்றும் வேலையில் பாதி நேரம் உள்ளேதான் போகும். கூரை லைனிங்கை இறக்காமல் கேபிளை ஆன்டெனாவில் மாட்டும் பிஎன்சி கனெக்டருக்குக் கை எட்டாது. பழைய 172-களின் பிளாஸ்டிக் ட்ரிம் அப்பளம் மாதிரி நொறுங்கும், ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் பொறுமையாக எடுங்கள். கனெக்டரைக் கழற்றிய கையோடு கேபிள் நுனியில் ஒரு நூலைக் கட்டி மறுமுனையை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கேபிள் லைனிங்குக்குப் பின்னால் சரிந்துவிடும், அப்புறம் மீன்பிடிக்கிற வேலை.

வெளியே அடித்தட்டைச் சுற்றி நீர் புகாமல் அடைத்திருக்கும் சீலன்ட்டை அறுக்கக் கத்தி வேண்டாம். கூரைத்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை, அதில் விழும் கீறல் பின்னாளில் தகட்டில் விரிசலுக்கு வித்தாகும். தூண்டில் நைலான் நரம்பை அடித்தட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே செருகி ரம்பம் போல இழுத்தால் சுத்தமாக அறுபடும். மிச்சத்தை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். குச்சியைப் பிடித்து நெம்பவே கூடாது.

ஆன்டெனா வந்துவிட்டதா? இனிதான் முக்கியமான இடம். அதன் அடியில் இருந்த கூரைத்தகட்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அலுமினியத் துரு. கால்அலை ஆன்டெனாவுக்குக் கூரைத்தகடுதான் மறுபாதி, தொடர்பு கெட்டால் குச்சி புதிதாக இருந்தும் பயனில்லை. சில அலைவரிசைகளில் மட்டும் பேசும்போது ஹெட்செட்டில் கீச்சென்று கத்துவதற்கும் இதுவே அடிக்கடி காரணம். ஸ்காட்ச்பிரைட் தேய்ப்பு நாரால் பளிச்சென்று தேய்த்தெடுங்கள். இரும்புக் கம்பளி வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து புதிய துருவைக் கிளப்பும். பிறகு துருவைத் தடுக்கும் அலோடின் பூசுங்கள். அதிலுள்ள குரோமேட் விஷம் என்பதால் கையுறை கட்டாயம். குழி ஆழமாக விழுந்திருந்தாலோ துளைகளைச் சுற்றித் தகடு வெடித்திருந்தாலோ அது தனியாகத் தகட்டையே பழுதுபார்க்க வேண்டிய வேலை. உள்ளே தகட்டுக்குப் பலம் கொடுக்கும் டப்ளர் தகடு நல்ல நிலையில் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

புதிய ஆன்டெனா அதே பார்ட் நம்பராக இருப்பது உத்தமம். வேறு மாடலென்றால் ஸ்க்ரூ துளைகள் பொருந்தாமல் போகலாம். அதற்காகத் துளையை அரத்தால் நீட்டாதீர்கள், அடாப்டர் தட்டு கேளுங்கள். கார்க் அல்லது ரப்பர் கேஸ்கெட் மின்சாரத்தைக் கடத்தாது, அப்போது கூரையோடான கிரவுண்ட் தொடர்பு முழுக்க ஸ்க்ரூக்கள் வழியாகத்தான் போகும். எனவே ஸ்க்ரூ தொடும் இடங்களில் பெயின்ட் துளியும் இருக்கக்கூடாது. அடித்தட்டுக்கும் கூரைக்கும் இடையே மில்லிஓம் மீட்டரில் 3 மில்லிஓமுக்குள் வர வேண்டும். சாதாரண மீட்டரின் வயர்களே அதைவிடப் பல மடங்கு காட்டும்.

கூரை வளைந்தது, அடித்தட்டு தட்டை. கேஸ்கெட் போடாமலோ ஒரே மூலையை முதலில் இறுக்கியோ முறுக்கினால் ஸ்க்ரூ துளையிலிருந்தே புதிய விரிசல் கிளம்பும். எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டார்க், அதாவது எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவைத் தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் அதுதான். பொதுவாக 8-32 ஸ்க்ரூவுக்கு 12 முதல் 15 இன்ச்-பவுண்ட், 10-32-க்கு 20 முதல் 25. சுற்றிலும் பாலிசல்ஃபைட் சீலன்ட்டை விரலால் வழித்து விடுங்கள். கடையில் கிடைக்கும், வினிகர் வாசனை வரும் சிலிக்கோன் வேண்டவே வேண்டாம், அந்த அமிலம் அலுமினியத்தை அரிக்கும். ஆர்ஜி-400-ஐ 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் மடக்காதீர்கள். கனெக்டருக்கு முன்னால் கேபிள் கொஞ்சம் தொங்கட்டும், கசியும் நீர் கனெக்டருக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

லைனிங்கை மூடும் முன் மறுபடி ஸ்வீப். பிறகு ரேடியோ செக், பதிவேடு. இந்தியப் பதிவு விமானமென்றால் உரிமம் பெற்ற ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) கையெழுத்திட வேண்டும். ஆன்டெனாவுடன் அமெரிக்க எஃப்ஏஏவின் 8130-3 அல்லது ஐரோப்பிய ஈசாவின் ஃபார்ம் 1 போன்ற, பாகம் தகுதியானது என்ற சான்று வந்ததா என்று பார்ஸலைப் பிரிக்கும்போதே பாருங்கள்.

ஜிபிஎஸ் இருக்கும் விமானத்தில் இன்னொரு சோதனை பாக்கி. சில காம் அலைவரிசைகளின் 12, 13-ஆவது மடங்கு, ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் மேலேயே போய் உட்காரும். வானம் திறந்த இடத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைப் பிடித்த பிறகு, அலைவரிசை காலியாக இருப்பதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகியவற்றில் ஒவ்வொன்றாக அரை நிமிடம் மைக்கை அழுத்தி, ஜிபிஎஸ் திரையில் சிக்னல் பட்டைகளைக் கவனியுங்கள். பட்டைகள் சரிந்தால் முதலில் புதிய கனெக்டரையும் கிரவுண்டையும் மறுபடி பாருங்கள். அவை சரியாக இருந்தும் சரிந்தால் காம் கேபிளில், ஜிபிஎஸ் அலைவரிசையை மட்டும் தடுக்கும் ஒரு நாட்ச் ஃபில்டர் போட வேண்டியிருக்கும்.