படுத்ததும் சுழலும் அறை, கண்ணயரும்போது விழும் உடல்

உறங்கப்போகும் வேளையில் தலை சுற்றுகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தலையை அசைத்தபோது சுற்றியதா, அசையாமல் கிடந்தபோது சுற்றியதா? இரண்டையும் அனுபவித்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் முன்பே கேட்டிருந்தால் பல இரவுகளின் அச்சம் மிச்சமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

தலையணையில் சாய்ந்த சில விநாடிகளிலோ, ஒரு பக்கமாகப் புரண்டவுடனோ அறையே சுழல்வதுபோலத் தோன்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுமானால், காரணம் பெரும்பாலும் உள்காதில் இருக்கிறது. புவியீர்ப்பை உணர்வதற்காக அங்கே கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்படிகங்கள் ஒரு கூழ்ப்படலத்தின் மேல் பதிந்திருக்கின்றன. அவற்றில் சில உதிர்ந்து, தலையின் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள் புகுந்துவிட்டால், தலை அசைந்து நின்ற பிறகும் அவை அங்குள்ள திரவத்தில் நகர்ந்துகொண்டிருப்பதால், உடல் இன்னும் சுழல்கிறது என்ற பொய்ச்செய்தி மூளைக்குச் செல்கிறது. இதைக் கண்டறிய டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்த எளிய சோதனையே இன்றும் பயன்படுகிறது. நோயாளியைக் குறிப்பிட்ட கோணத்தில் படுக்கவைத்துக் கண்களின் துடிப்பைக் கவனிப்பதுதான் அது. ஜான் எப்லி என்ற மருத்துவர் 1992இல் வெளியிட்ட முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பினால், படிகங்கள் குழாயை விட்டு வெளியேறிவிடும். பலருக்கு ஓரிரு முறையிலேயே குணம் தெரிகிறது. தலைச்சுற்றல் மாத்திரை உணர்வை மட்டுப்படுத்துமே தவிர, படிகத்தை நகர்த்தாது. மாதக்கணக்கில் மாத்திரையை மட்டுமே விழுங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

அசையாமல் கிடக்கும்போது வருவது வேறு வகை. உடல் மிதக்கிறது, கைகள் பெருத்துவிட்டன, கட்டில் மெல்லச் சாய்கிறது, எங்கோ விழுகிறோம் என்றெல்லாம் தோன்றும். மூளை ஒரே நொடியில் உறங்கிவிடுவதில்லை. மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த வலிப்பு நோயாளிகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, புலன்செய்திகளை மூளையின் வெளி அடுக்கான புறணிக்கு அனுப்பும் தலாமஸ் என்ற பகுதி, புறணிக்குப் பல நிமிடங்கள் முன்பாகவே அடங்கத் தொடங்குவதைக் காட்டியது. உடலிலிருந்து வரும் செய்தி குறைந்து, அதைப் பொருள்கொள்ளும் பகுதி இன்னும் விழித்திருக்கும் அந்த இடைவெளியில்தான் இத்தகைய மாய உணர்வுகள் பிறக்கின்றன என்று எண்ண இடமிருக்கிறது.

கண்ணயரும் நொடியில் தூக்கிவாரிப் போடுவது பெரும்பான்மையோருக்கு எப்போதாவது நேர்வதுதான். களைப்பும் கவலையும் காஃபீனும் அதைக் கூட்டும். தலைக்குள் வெடி வெடித்ததுபோல் ஒரு பேரோசை கேட்டு, வலி சிறிதும் இல்லாமல் மறைந்துவிடுவதும் உண்டு. கேட்பவரை உலுக்கிவிடும் என்றாலும், மூளைக்கு அதனால் சேதம் எதுவும் இல்லை.

என் அனுபவத்தில், இந்த உணர்வுகளைவிடக் கொடியது அவற்றுக்காகக் காத்திருப்பதுதான். இன்று வருமா என்று உற்றுக்கவனிக்கும் மனம் முழுதாக விழிப்பதுமில்லை, முழுதாக உறங்குவதுமில்லை; அந்த எல்லையிலேயே நெடுநேரம் நிற்பதால், எல்லைக்கே உரிய விசித்திரங்களை மேலும் மேலும் சந்திக்கிறது. மாலைக்குப் பிறகு காபியைத் தவிர்த்ததும், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்ததும் எனக்கு உதவின. அதைவிட உதவியது, பெயரும் காரணமும் உள்ள ஒன்று இது என்று அறிந்ததே.

ஆயினும் எல்லாவற்றையும் இதில் அடக்கிவிட முடியாது. சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி, நடக்க முடியாத தள்ளாட்டம், இதுவரை அறியாத கடுந்தலைவலி, திடீரென்று காது கேளாமை ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்துவந்தால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மனச்சோர்வு மருந்தைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்குத் தலைச்சுற்றலும் மின்அதிர்ச்சி போன்ற உணர்வும் வரக்கூடும் என்பதால், நிறுத்தும் முன் மருத்துவரிடம் பேசுவது அவசியம். பகலில் அடக்க முடியாத உறக்கமும், சிரிக்கும்போது முழங்கால் துவள்வதும் சேர்ந்திருந்தால் நார்கோலெப்சி என்ற உறக்கக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது, எந்தப் பக்கம் புரண்டபோது வந்தது, எத்தனை விநாடி நீடித்தது, அப்போது தலை அசைந்ததா இல்லையா என்பவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள். நோயை இனங்காண அவருக்கு அந்தக் குறிப்பு பெரிதும் பயன்படும்.